வேலூரில் எங்கே, எப்போது, என்ன சாப்பிடலாம்: புதிதாக வந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேலூருக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் நான்கு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும்போது, "அந்த ஊரில் சாப்பாடு மட்டும் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சாப்பிட்டது வேலூரில் அல்ல. கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் அரை கிலோமீட்டர் சாலையில். அங்கே கிடைப்பது எந்தக் கல்லூரி வாசலிலும் கிடைப்பதுதான்: ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், ஷவர்மா, மில்க் ஷேக். பசிக்கு அது போதும். அதற்காக வடாற்காடு வரை வந்திருக்க வேண்டியதில்லை.

முதலாம் ஆண்டு மாணவர்கள், அவர்களைச் சேர்த்துவிட வரும் பெற்றோர், சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து வாரக்கணக்கில் தங்க நேர்ந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கடைப் பெயர்களை அடுக்கப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே மாஸ்டர் கடை மாறினால் ருசியும் அவரோடு கிளம்பிவிடும். பெயர்ப்பலகை மட்டும் அங்கேயே தொங்கும். எந்தத் தெரு, எந்த நேரம், என்ன கேட்பது, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டால் கடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் படி: ஆற்றை வைத்து ஊரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பாலாற்றில் தண்ணீரை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். ஆனாலும் ஊரின் சாப்பாட்டை இரண்டாகப் பிரிப்பது அந்த மணல்தான். வடகரையில் காட்பாடி, காந்தி நகர், விருதம்பட்டு. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. இந்தக் கரையில் இருக்கிறது. ஆக்சிலியம் மகளிர் கல்லூரியும் இங்கேதான். தென்கரையில் கோட்டை, பழைய பேருந்து நிலையம், சி.எம்.சி., 1898இல் தொடங்கிய ஊரிசு கல்லூரி, நேதாஜி மார்க்கெட், லாங்கு பஜார், இன்னும் தெற்கே போனால் தொரப்பாடி, பாகாயம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளும் அந்தப் பக்கம்தான்.

வடகரைச் சமையல் மாணவர்களுக்கானது. ஆந்திரா, பீகார், டெல்லி, கேரளா என்று எங்கிருந்தோ வந்த நாக்குகளைத் திருப்திப்படுத்த உருவானது. தென்கரையில் இரண்டு சமையல்கள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. மருத்துவமனையைச் சுற்றி நோயாளிகளுக்காகவும் துணைக்கு வந்தவர்களுக்காகவும் நடப்பது ஒன்று. ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே வைத்திருப்பது இன்னொன்று. மூன்றும் ஒன்றோடொன்று அதிகம் கலப்பதில்லை. காட்பாடியில் அறை எடுத்தவர் பாலத்தைத் தாண்டாமலே பட்டம் வாங்கிவிட முடியும். அதைத்தான் செய்யாதீர்கள் என்கிறேன்.

தாண்டுவது எளிது. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே 1, 2 ஆம் எண் பேருந்துகள் ஓடுகின்றன. அவை பழைய ஊர் வழியாகத்தான் போகும். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் கிடையாது. ஷேர் ஆட்டோக்களும் உண்டு. தனி ஆட்டோ என்றால் ஏறும் முன்பே விலையைப் பேசிவிடுங்கள்; மருத்துவமனை வாசலில் கேட்கும் விலை வேறு, நூறு அடி தள்ளிக் கேட்கும் விலை வேறு.

இரண்டாம் படி: கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்

வேலூரில் நல்ல சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் அதே கடையில் அதே பொருளின் மிச்சம்தான் கிடைக்கும்.

விடியும் முன்பே பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் மருத்துவமனைத் தெருக்களிலும் டீக்கடைகள் திறந்துவிடும். புறநோயாளிகள் வரிசையில் நிற்கக் கிளம்பும் நேரம் அது. காட்பாடி ஜங்ஷனில் இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கும் அந்த டீதான் முதல் வரவேற்பு. ஆறரை மணிக்குத் தள்ளுவண்டி இட்லி. வண்டிக்காரர் இட்லித் துணியை உரித்துத் தட்டில் கவிழ்க்கும் நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். எட்டரைக்குப் போனால் ஹாட்பாக்ஸில் வியர்த்த இட்லி கிடைக்கும். சைதாப்பேட்டை, கஸ்பா போன்ற பழைய இஸ்லாமியர் பகுதிகளில் காலையில் ஆப்பமோ இடியாப்பமோ பாயாவோடு கிடைக்கும் கடைகளைத் தேடிப் பாருங்கள். ஆட்டுக்காலை இரவெல்லாம் சிறுதீயில் விட்டு எடுத்த பாயாவில் ஏடு படிந்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல் பெரும்பாலும் சட்டி காலி.

மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரை மணி சரியான நேரம். இரண்டு மணிக்கு மேல் சாம்பாரில் வெந்நீர் ஏறத் தொடங்கும். மாலை நான்கரை முதல் ஆறு வரை பஜ்ஜி, போண்டா, மசால் வடை. எண்ணெய்ச் சட்டி கடை வாசலிலேயே இருக்கும், அதனால் எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் மிளகாய் பஜ்ஜிக்கு இங்கே தனி மரியாதை. கோட்டை முன்புறத்தில் சுண்டலும், உப்பு மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்றும், பருவத்தில் அவித்த மல்லாட்டையும் விற்பார்கள். இது நிலக்கடலை விளையும் மண். காகிதக் கூம்பில் சூடாகக் கொடுக்கும் கடலைக்குப் பிறகு பாக்கெட்டில் அடைத்த எதுவும் பிடிக்காது.

இரவு ஏழு மணிக்கு மேல் பரோட்டாக் கல். நகரம் சீக்கிரமே அடங்கிவிடும். பெங்களூர், சென்னை பழக்கத்தில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு தேடுகிறவர்களுக்கு நெடுஞ்சாலை ஓரக் கடைகளும் ரயில் நிலையப் பக்கமும்தான் கைகொடுக்கும். விடுதியில் இருப்பவர்களுக்கு அவரவர் வளாக இரவுக் கேன்டீன் இருக்கிறது.

மூன்றாம் படி: பிரியாணியைக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை.

வேலூர், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் தோல் வணிகத்தோடு வளர்ந்த ஊர்கள். ஆற்காடு நவாப்புகளின் சமையலறையிலிருந்து இறங்கி வந்தது இந்தப் பிரியாணி என்று சொல்வார்கள். ஆம்பூரின் ஸ்டார் பிரியாணிக் குடும்பம் தன் தொடக்கத்தை 1890 என்று கணக்கிடுகிறது. இன்று தமிழ்நாட்டில் "ஆம்பூர் பிரியாணி" பலகை இல்லாத நெடுஞ்சாலை இல்லை. பலகைக்கும் பிரியாணிக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால்தான் அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அரிசி சீரகச் சம்பா. பாஸ்மதி நீளமாக, உதிரியாக, அழகாக இருக்கும். சீரகச் சம்பா குட்டையாக இருந்தாலும் மசாலாவைக் குடித்துவிடும். காரம் மிளகாய்த்தூளிலிருந்து வருவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதிலிருந்து வருகிறது. வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, தயிர், புதினா, கொத்தமல்லி, பட்டை, கிராம்பு, ஏலக்காய். கறி மசாலாப் பொடிகளுக்கு இதில் வேலையில்லை. கறியை மசாலாவில் வேகவிட்டு, அரிசியைத் தனியே முக்கால் பதத்துக்கு வடித்து, இரண்டையும் சேர்த்து மூடி, மூடியின் மேல் நெருப்புத் துண்டங்களைப் பரப்பி தம் போடுவார்கள். இந்த முறையில் செய்த பிரியாணி இளஞ்சிவப்பாக, அங்கங்கே வெளிறியும் அங்கங்கே அழுத்தமாகவும் இருக்கும். தட்டு முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம் என்றால் அது சாயம். எழுந்து வாருங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டாம் முறை போகாதீர்கள்.

அடுத்த சோதனை, பக்கத்தில் வைப்பது. புளி சேர்த்த கத்திரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் கட்டாயம் வர வேண்டும். தால்ச்சா கொடுக்கிற கடை இன்னும் மேல். கடலைப் பருப்பில் எலும்பு போட்டு, சில வீடுகளில் சுரைக்காயும் சேர்த்து வைப்பது. பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவையே பிரியாணிக்கும் ஊற்றுகிறார்கள் என்றால் அந்தக் கடை பரோட்டாக் கடை. பிரியாணி அங்கே விருந்தாளி.

கேட்கும் முறை: பசி அதிகமில்லை என்றால் அரை பிளேட். கையில் பணம் குறைவு என்றால் குஸ்கா, அதாவது கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சாதம். மாணவர்களின் மாதக் கடைசியைக் காப்பாற்றுவது குஸ்காவும் கத்திரிக்காயும்தான். மட்டன் பிரியாணிதான் இந்த முறைக்கு அசல் என்பது என் கட்சி. கோழி சீக்கிரம் வெந்துவிடுவதால் அதன் சாறு அரிசியில் இறங்க நேரமில்லை. மாட்டிறைச்சிப் பிரியாணியும் இந்தப் பகுதியில் நெடுநாளாக, வெளிப்படையாக, எல்லாத் தரப்பினரும் சாப்பிடும் உணவு. விலையும் கையைக் கடிக்காது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் அதற்கு இடமில்லை என்றதும் பெரிய சர்ச்சை எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. சாப்பிடாதவர்கள் கடைப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போவது நல்லது, எழுதித்தான் வைத்திருப்பார்கள்.

நேரம்: முற்பகல் பதினொன்றரை முதல் ஒன்றரை வரை. முதல் தம் இறக்கும்போது தெருவுக்கே தெரியும். மூன்று மணிக்கு "தீர்ந்துவிட்டது" என்று கை விரிக்கும் கடையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இரவு பத்து மணிக்கும் தட்டுத் தட்டாகப் பிரியாணி வைத்திருக்கும் கடையைவிட அதுதான் நம்பகமானது.

ரமலான் மாதம் வந்தால் இந்தப் படியில் இன்னொன்று சேரும். மாலையில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் கலந்த கஞ்சி. தூக்கு எடுத்துக்கொண்டு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்பதைப் பார்க்கலாம். அதே தெருக்களில் சமோசா, கட்லெட், ஹலீம், ஃபலூடா என்று இரவு நீளும். ஆண்டில் அந்த ஒரு மாதம் மட்டும் வேலூர் சீக்கிரம் தூங்குவதில்லை.

நான்காம் படி: மருத்துவமனைத் தெருக்களில் வங்காளச் சாப்பாடு

சி.எம்.சி.யை 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். இன்று அதன் வாசலில் தமிழைப் போலவே வங்காளமும் காதில் விழும். மேற்கு வங்கம், வங்கதேசம், வடகிழக்கு மாநிலங்கள், ஜார்க்கண்ட் என்று வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்காகக் காந்தி ரோடும் அதைச் சுற்றிய சந்துகளும் லாட்ஜ்களாக நிரம்பிவிட்டன. பலகைகளில் வங்காள எழுத்து. பல லாட்ஜ்களில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். மருந்துச் செலவுக்கு நடுவே மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட முடியாத குடும்பங்கள் அறையிலேயே சமைத்துக்கொள்கின்றன. துணைக்கு வந்து நீண்ட நாள் தங்குகிறவர்கள் அறை எடுக்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர்க்காரர்களும் மாணவர்களும் இந்த மெஸ்களுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அது ஒரு நஷ்டம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பொரியல், கடுகெண்ணெயில் வறுத்துக் குழம்பில் போட்ட ரோகு அல்லது கட்லா மீன், எளிமையான தட்டு. புளி இல்லாத மீன் குழம்பு தமிழ் நாக்குக்கு முதல் நாள் வெறுமையாகத் தெரியும், மறுமுறை பழகிவிடும். முள் அதிகம், அவசரமாகச் சாப்பிட வேண்டாம். காலையில் பூரியும் உருளைக்கிழங்கும், மாலையில் கடுகெண்ணெய் தெளித்துக் கலக்கிய பொரியும் கிடைக்கும். கொல்கத்தாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு ஊர் நினைவு வந்தால், காட்பாடியில் தேட வேண்டாம்; பாலத்தைத் தாண்டி இங்கே வரட்டும்.

ஒரு வேண்டுகோள். இந்தத் தெருக்களில் பக்கத்து மேசையில் இருப்பவர் ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருப்பவராக இருக்கலாம். மதிய நேரத்தில் சாப்பிட்டு முடித்தும் பத்துப் பேராக உட்கார்ந்து அரட்டை அடித்து இடத்தை அடைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: காட்பாடிப் பக்கத்தைச் சரியாகப் பயன்படுத்துங்கள்

வடகரையை நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அங்கே செழிப்பாக இருப்பது ஆந்திரச் சாப்பாடு. காட்பாடியிலிருந்து சித்தூர் சாலையில் சற்று தூரம் போனால் கிறிஸ்டியான்பேட்டை, அதைத் தாண்டினால் ஆந்திரா. தெலுங்கு பேசும் மாணவர்களும் ஏராளம். அதனால் ஆந்திரா மெஸ் இங்கே வேடம் போடுவதில்லை. பருப்புப்பொடியில் நெய் ஊற்றி முதல் கவளம், பிறகு பப்பு என்கிற கெட்டியான பருப்பு, புளிச்சக்கீரைத் துவையல், ஆவக்காய், கடைசியில் தயிர். சோறு கேட்கக் கேட்க வரும். இரவில் லேசாக ஏதாவது போதும் என்று முடிவு செய்துகொண்டு மதியம் போக வேண்டிய இடம் இது. காரத்துக்குப் பழகாதவர்கள் தயிரை முன்பே கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட இந்திய உணவில் பராத்தா, ராஜ்மா, சோளே போடும் சிறு கடைகள் பரவாயில்லை. வடநாட்டுச் சமையல்காரரே அடுப்படியில் இருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பட்டியலில் பனீர் பட்டர் மசாலா, ஷெஸ்வான் நூடுல்ஸ், செட்டிநாடு கோழி, பீட்சா நான்கும் இருந்தால் நான்கும் ஒரே குழம்பின் நான்கு அவதாரங்கள். பேக்கரிகளில் முட்டை பப்ஸ் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அடுப்பிலிருந்து இறங்கும்போது வாங்க வேண்டும். கடைக்காரரிடம் நேரம் கேட்டால் சொல்லிவிடுவார். வி.ஐ.டி.யின் ரிவியரா போன்ற கல்லூரி விழாக்கள் நடக்கும் நாட்களில் இந்தப் பக்கம் எல்லாக் கடைகளும் திணறும். அன்றைக்கு ஊருக்குள் போய்ச் சாப்பிடுவது புத்திசாலித்தனம்.

ஆறாம் படி: களி, கூழ், முள் கத்திரிக்காய்

ஓட்டல்களில் எளிதாகக் கிடைக்காத, ஆனால் வடாற்காட்டின் சொந்தச் சாப்பாடு இதுதான். கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டி, துடுப்பால் கிண்டி உருட்டிய களி. மென்று தின்னக் கூடாது. பிய்த்துக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, கீரைக் கடைசல் மூன்றில் ஒன்று இருந்தால் போதும். சித்தூர், கடப்பையிலிருந்து வந்த பிள்ளைகள் இதைப் பார்த்ததும் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டு ராகி சங்கடியில் கொஞ்சம் சோறு கலந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது, உலையில் இல்லை. சாலையோரங்களில், குறிப்பாக லாரிகள் நிற்கும் இடங்களில், மதியம் களி போடும் சிறு கடைகள் உண்டு. அதைவிட நல்ல வழி, உள்ளூர் வகுப்புத் தோழர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை அழைக்கப்படுவது. அழைத்தால் மறுக்காதீர்கள்.

கூழ் சாலையோரத்தில் பானையோடு உட்கார்ந்திருக்கும். மோர் ஊற்றிக் கரைத்த கேழ்வரகுக் கூழுக்குச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய், சில இடங்களில் வறுத்த கருவாடு. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். வரிசையில் நின்றால் யார், எவர் என்று கேட்காமல் ஊற்றுவார்கள்.

சொந்தமாகச் சமைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், வாங்கும்போது கவனம். எண்ணெய்க் கத்திரிக்காய்க்கும் பிரியாணித் தொக்குக்கும் இதற்கு ஈடு கிடையாது. காலையில் உழவர் சந்தையிலோ நேதாஜி மார்க்கெட்டிலோ கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: குடிப்பதற்கு

வேலூர் வெயில் தமிழ்நாட்டுக்கே பெயர் போனது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே அல்ல. கோட்டையைச் சுற்றிவிட்டு வெளியே வரும் புதியவர்கள் நேரே குளிர்பானப் பாட்டிலைப் பிடிக்கிறார்கள். அதற்குப் பதில் ஏப்ரல் முதல் நுங்கு இருக்கிறது, இளநீர் இருக்கிறது, அதிகாலையில் அகப்பட்டால் பதநீர் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்தில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லுங்கள். கரும்புச் சாறு குடிப்பதானால் இயந்திரத்தை ஈ மொய்க்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐஸ் இல்லாமல் கேளுங்கள். சாறு நல்லது, ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதுதான் கேள்வி. சித்தூர், குடியாத்தம் பக்கத்து மாம்பழங்கள் மே, ஜூனில் வந்து குவியும்போது மாம்பழச் சாற்றுக்குக் கடைக்குப் போகாமல் பழமாகவே வாங்கிக்கொள்வது லாபம்.

டீயைப் பொறுத்தவரை, பாய் கடை டீக்குத் தனிக் கூட்டம் உண்டு. பால் சுண்டியிருக்கும், இனிப்பு தூக்கலாக இருக்கும், தொட்டுக்கொள்ள வர்க்கியோ பட்டர் பிஸ்கட்டோ இருக்கும். பிரியாணிக்குப் பின் பால் சேர்க்காத சுலைமானி கேட்டுப் பாருங்கள், வயிறு நன்றி சொல்லும்.

மது பற்றிக் கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கடைகளில் மட்டும், பகல் 12 மணி முதல் இரவு 10 வரை. சில ஓட்டல்களில் பார் உண்டு. ஆந்திர எல்லை பக்கம்தானே என்று அங்கிருந்து பாட்டில் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் மாட்டுவீர்கள். படிப்புக்கே உலை வைக்கும் வேலை அது. பெங்களூர் மாதிரி பப் வாழ்க்கையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு வேலூரில் ஒன்றும் இல்லை.

எட்டாம் படி: மாதக் கடைசி

விடுதிக் கட்டணத்தில் மெஸ் பணமும் சேர்ந்தே போயிருக்கும். வெளியே சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் இரண்டாம் முறை கொடுக்கும் பணம். ஆகவே வார நாட்களில் மெஸ்ஸிலேயே சாப்பிட்டுவிட்டு, மிச்சம் பிடித்ததை ஞாயிறு மதியம் பிரியாணியில் போடுவது என் யோசனை. வெளியே அறை எடுத்தவர்கள் மாதச் சாப்பாடு பேசும் முன் ஒரு வாரம் தினசரிக் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். திங்கள் சாம்பாரை எல்லாரும் நன்றாக வைப்பார்கள். வியாழன் சாம்பார்தான் உண்மையைச் சொல்லும்.

மாநகராட்சியின் அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கூச்சப்பட ஒன்றுமில்லை. திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போனால் அங்கே அன்னதானமும் உண்டு.

பார்சல் வாங்குவதானால் எவர்சில்வர் டப்பாவோ தூக்கோ எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை இருந்தும் கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாத்திரத்தை நீட்டினால் ஒரு கரண்டி கூடவே விழும்.

ஒன்பதாம் படி: வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்

முதல் மாதத்தில் புதியவர்கள் பலர் படுத்துவிடுவது காரத்தால் அல்ல, பெரும்பாலும் தண்ணீரால். கேன் தண்ணீர் வைத்திருக்கும் கடையா என்று பாருங்கள், அல்லது வெந்நீர் கேளுங்கள். மருத்துவமனைப் பக்கம் கேட்டால் எங்கும் கொடுப்பார்கள். நறுக்கித் திறந்து வைத்த பழம் வேண்டாம். ஷவர்மா விஷயத்தில் நான் கறாரானவன். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது. கம்பியில் சுற்றும் கறி மாலையில் ஏற்றியதா, நேற்றையதா என்று வெளியிலிருந்து தெரியாது. கூட்டம் குறைந்த கடையில் வாங்கவே வேண்டாம்.

பத்தாம் படி: ஒரு நாள் வெளியே

ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர். அங்கே போவது மக்கன் பேடாவுக்காக. கோவா, மைதா, வெண்ணெய் சேர்த்த மாவுக்குள் முந்திரி, பாதாம், பிஸ்தா, திராட்சை வைத்து மூடி, பொரித்து, பாகில் ஊறவிடுவார்கள். குலாப் ஜாமூன்தானே என்று சொல்லிவிட்டு வாயில் போட்டவர்கள் உள்ளே பருப்பு கடிபட்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒன்று போதும், இரண்டாவது திகட்டும். வீட்டுக்கு வாங்கிப் போவதானால் பாகோடு டப்பாவில் கேளுங்கள்.

ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். புதிய பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாகப் பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கும். காட்பாடியில் இருப்பவர்களுக்கு ரயில் வசதி: ஜோலார்பேட்டை பாதையில் குடியாத்தத்துக்கு அடுத்துள்ள பெரிய நிலையம் ஆம்பூர். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். மாவட்டப் பிரிவினைக்குப் பிறகு ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். கத்திரிக்காய்த் தொக்குக்கு அது தெரியாது. நெடுஞ்சாலையில் பெரிய பலகை வைத்த கடைகளில் வாகனங்கள் நிற்கும் வரிசையைப் பார்த்து மயங்காமல், கடைவீதிக்குள் நடந்து, உள்ளூர்க்காரர்கள் தூக்கோடு நிற்கும் இடத்தில் நில்லுங்கள். பார்சலுக்குக் கேட்டால் தொக்கையும் தயிர் வெங்காயத்தையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ரயில் பெட்டி முழுக்க வாசனை பரவும், பக்கத்து இருக்கைக்காரர்கள் எந்தக் கடை என்று விசாரிப்பார்கள். வெளி உணவை விடுதிக்குள் விடுவார்களா என்பதை மட்டும் கிளம்பும் முன்பே வாசல் காவலரிடம் கேட்டுவிடுங்கள். விடமாட்டார் என்றால் காட்பாடி நடைமேடையிலேயே பிரித்துவிடுவது நல்லது.